விசாலிக்கு வந்த பெட்டி

சரோஜினி நகர்,
புது தில்லி.
11-12-1983

அன்புள்ள மகாதேவனுக்கு,

பட்டாபி எழுதுவது. இங்கே நானும் ராஜியும் சௌக்கியம். லோதி ரோடில் உன் வீட்டில் ருக்மிணியும் குழந்தை விசாலியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். குளிர் இந்த வருஷம் முன்னதாகவே வந்துவிட்டது. காலைப் பனிமூட்டத்தில் பஸ் நம்பர் கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது. ஆபீஸில் உன் டிராயிங் போர்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை வேலை இடத்தில் படிக்காதே. அறைக்குப் போய், உட்கார்ந்துகொண்டு படி.

விசாலிக்கு நீ அனுப்பிய ரோபோ பெட்டி தொலையவில்லை. ஒசாகாவிலிருந்து திரும்பிய ராஜகோபாலன் சார் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து ஜூன் மாதக் கடைசியில் என் கையில் கொடுத்தார். அப்போது ருக்மிணியும் குழந்தையும் லீவுக்கு மாயவரம் போயிருந்தார்கள், வீடு பூட்டியிருந்தது. அடுத்த வாரம் வந்துவிடுவார்கள், நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் அவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும்.

சூட்கேஸில் நசுங்கிப் பெட்டியின் ஒரு மூலை பிளந்திருந்தது. உள்ளே ஏதாவது உடைந்திருக்குமோ என்று பார்க்கத்தான் திறந்தேன். அதுவரைக்கும் என் மனதில் களங்கமில்லை. ஒவ்வொரு பாகமாகப் பிய்த்துச் சேர்க்கிற மாதிரி நாலு பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகக் கை, கால், தோள், விரல். எத்தனை துல்லியம்! இருபது வருஷமாக மற்றவர்கள் போட்ட கோட்டின்மேல் டிரேசிங் காகிதம் வைத்துக் கோடு இழுக்கிறவன் நான். ஒரு முழங்கால் மூட்டு எப்படி மடங்கும் என்று இவ்வளவு சின்ன அளவில் யோசித்தவன் யார் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடியில் நீ எழுதிய ஆறு தாள்கள் இருந்தன. ஜப்பானிய விளக்கத்தை நீ அங்கே தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு விசாலிக்காகத் தமிழில் எழுதியிருந்தாய். தில்லியில் வளர்ந்து தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்ணுக்கு என்று பெரிய பெரிய எழுத்தாக. "எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சட்டத்திலிருந்து பிய்த்துவிடாதே. எது எந்தக் காலுக்கு என்று தெரியாமல் அப்புறம் அழுவாய். அழும்போது நான் பக்கத்தில் இல்லை." முதல் தாளில் இதைப் படித்தவுடனேயே மூடி வைத்திருக்க வேண்டும். ஒரு அப்பா தன் பெண்ணோடு பேசுகிறதை நான் ஏன் படித்தேன்?

ஒரு பாதம் மட்டும் சேர்த்துவைத்தால் குழந்தைக்கு சுலபமாக இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதத்துக்குப் பிறகு கணுக்கால். வீட்டில் ராஜி கேட்டபோது பாலிகா பஜாரில் வாங்கினேன் என்றேன். முதல் பொய் அதுதான். அவளும் பாவம், இந்த மனுஷருக்கு ஆபீஸ் விட்டால் வேறு நினைப்பே கிடையாது, இதாவது இருக்கட்டும் என்று சந்தோஷப்பட்டாள்.

அப்படியே சேர்த்திருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு அது போதவில்லை. உடம்பு மொழுக்கென்று பொம்மைத்தனமாக இருந்தது. இயந்திரம் என்றால் தகடு தகடாகச் சேர்த்த இணைப்புத் தெரிய வேண்டாமா? டிவைடர் முனையால் மார்பிலும் தொடையிலும் கோடு கீறி, அதில் இந்தியன் இங்க் ஓட்டித் துடைத்தேன். பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை நறுக்கி முழங்காலுக்குப் பின்னால் பொருத்தினேன். பழைய டிரான்ஸிஸ்டரிலிருந்து செப்புக் கம்பி எடுத்து, கழுத்திலிருந்து முதுகுக்குக் குழாயாக வளைத்தேன். குண்டூசித் தலைகளை வெட்டித் தோளில் ஆணியாக ஒட்டினேன். சட்டத்தின் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் தலைமயிர் மாதிரி நூலாக வருகிறது, அதுதான் ஏரியல். சிவப்புக்கு ராஜியின் நகப்பூச்சு. வலது கை தொங்கியே இருப்பது பிடிக்காமல் தோளில் அறுத்து, உயர்த்தி ஒட்டினேன். அறுத்த அன்றைக்கே தெரியும், இனி இதைப் பழையபடி பெட்டியில் வைக்க முடியாது என்று. தெரிந்துதான் அறுத்தேன்.

ஆறாவது தாளில் நீ எழுதியிருந்தாய்: "மார்பில் ஒரு தட்டையான இடம் விட்டிருக்கிறான். அதில் 'வி' என்று தமிழில் எழுது. உலகத்திலேயே தமிழ் எழுத்து உள்ள ரோபோ உன்னுடையதுதான்." நான் அங்கே 'ப' என்று எழுதினேன். லெட்டரிங் பேனாவால், சுத்தமாக. எழுதிய அன்று எனக்குக் கூச்சமாக இல்லை, மகாதேவா. சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒசாகா டிரெய்னிங்குக்கு நாம் இரண்டு பேரும் இண்டர்வியூ போனோம். உனக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று பாலம் ஏர்போர்ட்டில் உன் தோளைத் தட்டிச் சொன்னேன். அது நிஜமில்லை. அந்தப் பெட்டியை மேஜைமேல் வைத்தபோது, எனக்கு வரவேண்டியது ஏதோ வந்துசேர்ந்த மாதிரி இருந்தது. இது சமாதானம் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ருக்மிணி ஊரிலிருந்து வந்து கேட்டபோது, ராஜகோபாலன் ஒன்றும் தரவில்லையே என்றேன். முடித்து, நன்றாகச் செய்து, ஒருநாள் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடிந்த பிறகு கொடுக்க மனசு வரவில்லை. அந்த ஆள் தன் பிள்ளைக்கே கொடுத்திருப்பான் என்று செப்டம்பரில் நீ எனக்கு எழுதினாய். நான் அதை மறுக்கவில்லை. இருக்கலாம் என்று பதில் போட்டேன். அந்த வார்த்தையை எழுதிய கையை என்ன செய்வது? ராஜகோபாலன் சாருக்கும் இன்றே தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

நவம்பரில் நம் ரிக்ரியேஷன் கிளப்பில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். ஆசை யாரை விட்டது? கொண்டுபோய் வைத்தேன். முதல் பரிசு கொடுத்தார்கள். நீ ஊரில் இல்லையே, உன் வீட்டிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். ஆனால் ராஜிக்குப் பெருமை தாங்கவில்லை. அவளே லோதி ரோடுக்குப் போய் ருக்மிணியையும் விசாலியையும் கூட்டிக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் நிறுத்திவிட்டாள்.

நீ ஜூன் மாதக் கடிதத்தின் ஓரத்தில் அந்த ரோபோவைப் படமாகப் போட்டு விசாலிக்கு அனுப்பியிருந்தாயாமே. எனக்கு அது தெரியாது. குழந்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நிமிர்ந்து, "அப்பா வரைஞ்ச மாதிரியே இருக்கு மாமா. இது எங்கே கெடச்சுது?" என்று கேட்டாள். பாலிகா பஜார் என்றேன். அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "அச்சா" என்று தலையாட்டினாள். எந்தப் பக்கத்துக் கடை என்று கேட்டாள். ஃபவுண்டன் பக்கத்துக் கேட் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ருக்மிணியை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்தேன். முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தாள். உங்களால் எனக்குக் கால் வலி என்று சிரித்தாள். விசாலி அவளை இழுத்துக்கொண்டு பாலிகா பஜாரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கியிருக்கிறாள். எவனும் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றானாம். அவ்வளவு ஆசையா அவளுக்கு என்று கேட்டேன். ருக்மிணி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"ஆசைக்கு இல்லை. அப்பா அனுப்ப மறந்துட்டார், சொல்ல வெட்கப்பட்டுண்டு அனுப்பிச்சேன் அனுப்பிச்சேன்னு எழுதறார், பாவம்ங்கறா. நாமளே ஒண்ணு வாங்கி, வந்துடுத்துன்னு அப்பாவுக்கு எழுதிடலாமாம். அதான் இத்தனை நாளா அவருக்கு லெட்டரே போடலை. என்ன எழுதறதுன்னு தெரியலையாம்."

அவள் ஏன் எழுதவில்லை என்று நீ மூன்று கடிதத்தில் என்னைக் கேட்டிருந்தாய். பரீட்சை என்று நான் எழுதினேன். காரணம் இதுதான். பதினொரு வயசுக் குழந்தை, தன் அப்பாவைப் பொய்யர் என்று நம்பி, அந்தப் பொய்யை எப்படி மூடலாம் என்று கடை கடையாக அலைந்திருக்கிறாள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ராஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. நகப்பூச்சு எடுத்துக் கொடுத்தது நான்தானே என்று அழுதாள்.

போன ஞாயிறு ரோபோவை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, உன் தாள்களையும் எடுத்துக்கொண்டு லோதி ரோடுக்குப் போனேன். ராஜியும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். உன் வீட்டு ஹாலில், விசாலி இருக்கும்போதே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

ருக்மிணி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அஞ்சு மாசமா இது தன் அப்பாவைப் பத்தி என்ன நெனச்சிண்டிருந்தது! அதை எப்படித் திருப்பித் தருவேள், பட்டாபி?" என்றாள். அவ்வளவுதான். சமையலறைக்குள் போய்விட்டாள். நான் செருப்பைப் போடுகிறவரை வெளியே வரவில்லை.

விசாலி பெட்டியைத் திறந்து ரோபோவை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்காலை மடக்கி ஸ்பிரிங் அமுங்குகிறதா என்று பார்த்தாள். செப்புக் கம்பி எங்கே உள்ளே போகிறது என்று கேட்டாள், காட்டினேன். கோபத்தோடு பார்க்கவில்லை. அலாரம் கடிகாரத்தை அவள் கழற்றிப் போட்டதற்கு நீ திட்டினாயே, அன்றைக்கு அதன் சக்கரங்களைப் பார்த்தாளே, அந்த மாதிரிப் பார்த்தாள்.

"ரொம்ப நன்னாப் பண்ணியிருக்கேள் மாமா. ஆனா எனக்குச் சேத்து ஜோடறதுக்கு ஒண்ணுமே பாக்கி வெக்கலையே."

சொல்லிவிட்டு அதை என் கையிலேயே கொடுத்தாள். நீ வைத்துக்கொள் அம்மா, உன்னுடையது என்றேன். இல்லை, இதில் 'ப' என்று போட்டிருக்கிறதே என்றாள். குத்திக் காட்டவில்லை. எழுத்தைப் படித்துச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு, அப்பா எழுதிய காகிதம் எல்லாம் எனக்குத்தானே என்று கேட்டாள். ஆறு தாளையும் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விரல் வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். "அழும்போது நான் பக்கத்தில்" என்ற இடம் வந்தபோது நான் வெளியே வந்துவிட்டேன். பின்னால் கதவை யார் சாத்தினார்கள் என்று பார்க்கவில்லை.

ரோபோ இப்போது இங்கே அலமாரி மேல் இருக்கிறது, அட்டைப்பெட்டிக்குள். உடைத்துப் போடத் தோன்றியது. ராஜி தடுத்துவிட்டாள். மகாதேவன் வந்து சொல்லட்டும், அதுவரை அதைத் தொடாதீர்கள் என்றாள். கிளப் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செக்ரட்டரி காரணம் கேட்டார். அது என் பொருள் இல்லை என்றேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். முதலில் விசாலிக்கு எழுது. நீ சொன்னதெல்லாம் உண்மை என்று உன் எழுத்திலேயே அவள் பார்க்க வேண்டும். ருக்மிணி சொன்னாலும், நானே சொன்னாலும், அது வேறு. பெரிய எழுத்தாக எழுது, இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். இன்னொரு பெட்டி அனுப்ப முடிந்தால் அனுப்பு. யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்து அனுப்பு, என் விலாசத்துக்கு மட்டும் வேண்டாம்.

மார்ச்சில் நீ திரும்புகிறாய் என்று ஆபீஸில் சொன்னார்கள். ருக்மிணியும் விசாலியும் பாலம் ஏர்போர்ட்டுக்கு வருவார்கள். கூட்டத்தில் பின்னால் எங்கேயாவது நான் நிற்கலாமா? நிற்கலாம் என்றால் ருக்மிணிக்கு எழுதுகிற கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடு. வரி வரவில்லை என்றால் புரிந்துகொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் உனக்கு இருமல் வரும், கம்பளி மப்ளரைக் கழற்றாதே.

உன் வீட்டு வாசலில் நிற்கும் தகுதியை இழந்த,
பட்டாபி