முகத்துவாரம் வெட்டின கிழமை

டிசம்பர் 8, திங்கள்

விடியமுந்தியே மழை. குடைக் கம்பி ஒன்று போச்சு. உன்னிச்சைக் குளத்துக் கதவுகள் திறந்தாச்சாம். பிரதேச சபைத் தவிசாளரோடு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு, உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி. வயல் வட்டை முழுக்க வெள்ளம், நெல் நுனி மட்டும் தெரியுது. இடுப்பளவு தண்ணியில் ஒரு பெண்: "மெம்பர் புள்ள, முகத்துவாரத்து மணல வெட்டி வாவித் தண்ணியக் கடலுக்கு விடச் சொல்லு கா. ரெண்டு நாள் தாங்கும். பிறகு அழுகிரும்."

வீட்டில் அப்பா, கிழிந்த வலையைப் பொத்தியபடி: "வெட்டினா இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும். இன்னும் சின்னன். ஒரு கிழமை பொறுத்தா எங்கட ஆக்களுக்கு உழைப்பு."

நான் கம்பஸ் போய்ப் படிச்சதும் இந்த இறால் காசில்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

விசேட கூட்டம். வோட்டில் வெல்லாமல் கட்சிப் பட்டியலில் சபைக்கு வந்தவள், இதுவரை வாய் திறந்ததில்லை. இன்று எழும்பினேன். மைக் வேலை இல்லை. "நாளைக்கே வெட்ட வேணும். மீன்பிடிக் குடும்பங்களுக்கு நட்டஈடும் வேணும்."

பின்வரிசையில்: "இதுக்குப் பேச்சும் வருமா?" சிரிப்பு.

வெட்டுவது நிறைவேறியது. நட்டஈடு, "பிறகு பாப்பம்."

பக்கத்து வீட்டு மாமி, வேலிக்கு அப்பால், கேட்கட்டும் என்றே: "படிக்க வெச்சதுக்கு நல்ல கைமாறு." அப்பா சாப்பிட்டு எழும்பி வலையை எடுத்தார்.

டிசம்பர் 10, புதன்

மழை இல்லை. முகத்துவாரத்தில் மணல் வெட்டுற பெக்கோ சும்மா நிற்கிறது. ஓட்டுநர் தேத்தண்ணி குடிக்கிறார். எம்.பி. வந்துதான் தொடக்கி வைக்க வேண்டுமாம். அவர் கொழும்பில்.

தவிசாளர்: "தங்கச்சி, அவர் இல்லாம வெட்டினா அடுத்தமுறை கட்சியில நமக்கு இடமே இல்ல. விளங்குதா?"

விளங்குது.

டிசம்பர் 12, வெள்ளி

எம்.பி. வந்தார். மாலை, தேங்காய், படங்கள். பிறகு வெட்டினார்கள். என்னையும் படத்துக்கு இழுத்தார்கள். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

டிசம்பர் 13, சனி

படுவான்கரையில் தண்ணி வத்துது. நெல் கறுத்து, ஒரே நாற்றம். அதே பெண். என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பி நடந்தாள்.

அப்பாவின் வலையில் பாசி மட்டும்.

"வயலாவது தப்பினதா புள்ள?"

"இல்லப்பா."

வலையை உதறிக் காயப் போட்டார். பிறகும் உதறிக்கொண்டே நின்றார்.

டிசம்பர் 15, திங்கள்

நுளம்பு. தலையிடி. தவிசாளர் போன்: "வியாழக்கிழமை சபையில எம்.பி.க்கு நன்றித் தீர்மானம். முன்மொழியிறது நீதான். அண்டைக்கு நல்லாப் பேசினாய். அப்பா மீன்பிடிக்காரர் எண்டதையும் சேர்த்துச் சொல்லு, எடுப்பா இரிக்கும்."

ஓம் ஐயா என்றேன்.