கரிசல் ஒட்டிய கால்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எழுத்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் இப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் உன் பேரை என் கையால் எழுதிப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? பஸ் போர்டெல்லாம் நீதானே எனக்கு வாசித்துச் சொல்வாய்.

உன் மகள் செல்வி பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டாள். மேலே எம்.டெக். படிக்க இரண்டு இடங்களில் சீட்டு வந்திருக்கிறது. சென்னையில் ஸ்கேன் மிஷின் படிப்பு. முடித்ததும் வேலை என்கிறார்கள். கோயம்புத்தூரில் செயற்கைக் கை, கால் செய்கிற படிப்பு. வேலைக்குக் கொஞ்சம் அலைய வேண்டுமாம். என் தங்கச்சி சென்னைதான் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"அப்பா கால வச்சு நாம பட்டது போதாதா? அதையே போயிப் படிக்கணுமாக்கும்."

"அதுக்குத்தாம்மா போறேன். கரிசல்ல நடந்து பாக்காதவுக செஞ்ச காலு அது" என்றாள் செல்வி.

உனக்கு நினைவிருக்கிறதா? சர்க்கரைப் புண்ணில் கால் போய், புதுக்கால் மாட்டிய வருசம். மழை விட்ட மறுநாள் உளுந்து விதைக்க இறங்கினாய். சேறு பிடித்து இழுத்ததில் கால் கழன்று புஞ்சையிலேயே நின்றுவிட்டது. நான் பதறி ஓடி வந்தால், நீ உட்கார்ந்து சிரிக்கிறாய்.

"கால வெதச்சுட்டேன் மச்சான். அடுத்த மழைக்கு மொளைக்கும்."

உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று, பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டாமென்று அதை மட்டும் கழற்றிக் கொடுத்தார்கள். தங்கச்சி பார்க்கவே மாட்டேன் என்றாள். நான்தான் கொண்டுவந்து என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். ஆள் இல்லாத நேரம் அதோடு பேசுவேன். பேசினால் என்ன?

கோயம்புத்தூர்தான் என்று முடிவு சொன்ன அன்றே செல்வி அந்தக் காலைக் கேட்டாள். குளிப்பாட்டித் தருகிறேன் என்று தொட்டியடிக்குக் கொண்டுபோனேன்.

"கழுவிராதீக மாமா. இடுக்குல இருக்கிற மண்ணுதான் எனக்கு வேணும். எங்க ஏறுது, எங்க புடிக்குதுன்னு பிரிச்சுப் பாக்கணும்."

"பிரிச்சா திரும்பச் சேருமா தாயி?"

"சேராது மாமா."

உன் கடைசி விதைப்பின் மண் அது. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உன்னைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? கேட்டால் என்ன சொல்லியிருப்பாய்? தங்கச்சி தன் வீட்டுக்குப் போய் உன் வேட்டியை எடுத்து வந்தாள். இத்தனை நாள் பாராத காலை மடியில் கிடத்தி, சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், கோயம்புத்தூர் போர்டை நானே வாசித்து அவளை ஏற்றிவிடுவேன். திரும்பி வந்தால் கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருக்கும். பேசுவதற்கு அந்தக் காலும் இல்லையே. அதனால், அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த சேதியை அடுத்த வாரம் உனக்கு எழுதித்தான் சொல்வேன்.

உன் மச்சான்,
கருப்பையா