நேற்று நான் செய்த தப்பு

மார்ச் 3
எங்கள் ஹோட்டலின் மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். முந்தைய நாள் தப்பு செய்தவரைக் காலைக் கூட்டத்தில் நடுவில் நிறுத்தி, மற்றவர்களைக் கைதட்டச் சொல்வார். அதனால் இங்கே தப்பே நடந்ததில்லை. குழாய்கள் தாமாக உடையும். விருந்தினர் துணிகள் தாமாகக் காணாமல் போகும்.

வரவேற்பு மேஜையில் நின்று சிரித்தது போதும். மாதக் கடைசியில் விலகி மச்சானின் டைல்ஸ் கடைக்குப் போகிறேன். டைல்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

மார்ச் 5
புது மேனேஜர் ஒரு பெண்மணி. கூட்டத்தை இப்படித் தொடங்கினார்: "நேத்து நான் பண்ண தப்பு, மூணாவது மாடியில தண்ணி வரலைன்னாங்க, மறந்துட்டேன். வேற யாருக்காவது இருக்கா?"

யாருக்கும் இல்லை. நாங்கள் அனுபவசாலிகள்.

ஏதோ பயிற்சி வகுப்பில் கற்றது. ஒரு வாரம் தாங்கும்.

மார்ச் 13
தாங்குகிறது. இவருக்கு மட்டும் தினம் ஒரு தப்பு எங்கிருந்து கிடைக்கிறது? இன்று சமையல்காரரும் கை தூக்கினார்: சூப்பில் இரண்டு தடவை உப்பு.

"எப்ப தெரிஞ்சுது?"

"சாப்பிட்டவர் முகத்தைப் பார்த்தப்ப, மேடம்."

சிரித்தோம். யாரும் கைதட்டவில்லை.

மார்ச் 17
காலையில் சலவை அக்கா என் மேஜைமேல் ஒரு வெள்ளைச் சட்டையை விரித்தார். முதுகில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு, காப்பி நிறத்தில். நேர்முகத் தேர்வுக்கு வந்திருக்கும் இளைஞனுடையது. அவனிடம் வேறு நல்ல சட்டை இல்லை.

"கருக்கிட்டேன் தம்பி. அவன் கிளம்புறதுக்குள்ள ஏதாவது பண்ணு."

முன்பென்றால் சட்டை காணாமல் போயிருக்கும்.

கடைகள் திறக்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை — அதுதான் ஆச்சரியம். என் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காவலாளியின் மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார். "வெளியில மழையா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அளவு சரியா இருந்துச்சா?"

அவ்வளவுதான். முறையான விசாரணை வீட்டில் மனைவி நடத்தினாள்.

மார்ச் 18
இளைஞன் சட்டையைத் திருப்பித் தந்தான். "முடிவு அப்புறம் சொல்வாங்களாம் அண்ணே. அடுத்த தடவையும் இங்கதான் தங்குவேன். சட்டை மட்டும் ரெண்டு கொண்டு வருவேன்."

கூட்டத்தில் சலவை அக்கா கை தூக்குவதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "என் தப்பு. இஸ்திரிப்பெட்டியில சூடு ஏறுதுன்னு அக்கா போன வாரமே சொன்னாங்க."

பாதி தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல்லும் இல்லை.

மார்ச் 31
"நாளைக்குக் காலையில கடைக்கு வந்துடுறீங்களா மாப்ள?" என்றார் மச்சான்.

"முடியாது மச்சான். காலையில கூட்டம். சொல்றதுக்கு ஒரு தப்பு வச்சிருக்கேன்."