பத்து இரவுகளுக்கு ஓர் அறை

தஞ்சோங் பினாங்
2 மார்ச் 1997

அன்புள்ள வுலான் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்தலை வேண்டுமென்று இந்தான் உறையைக் கிழித்துவிட்டாள். பின்பக்கம் இருந்த உங்கள் வீட்டு எண்ணும் அதோடு போய்விட்டது. பழைய உறை ஒன்றைத் தேடிப் பார்த்து எழுதுகிறேன்.

டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். ஏப்ரல் பதினான்கு. இந்தானின் இடது கண்ணில் புரையை எடுத்த பிறகு பத்து நாள் சிங்கப்பூரைவிட்டு நகரக் கூடாதாம். இரண்டு மணிக்கொரு முறை சொட்டு மருந்து. தூசி ஆகாது, புகை ஆகாது, கண்ணைக் கசக்கவே கூடாது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் அப்பா ஷாரில் அப்போது கப்பலில் இருப்பார். நானும் அவளும் மட்டும்தான் வருகிறோம்.

'நேராக நம் வீட்டுக்கு வந்துவிடு' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் நிறைந்தது. வேண்டாம் அக்கா, உங்களுக்கு எதற்குச் சிரமம். ஒரு ஹோட்டல் பார்த்துக்கொள்கிறோம். எது நல்ல இடம் என்று மட்டும் சொன்னால் போதும். கேலாங் பக்கம் நம் ஆட்கள் அதிகம், சாப்பாட்டுக்குக் கவலையில்லை, வாடகையும் குறைவு என்கிறார் ஷாரில். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் சலாம்.

அவள் தூங்கிய பிறகு எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
நூர்மலா


சிங்கப்பூர்
17 மார்ச் 1997

அன்புள்ள நூர்மலா,

வ அலைக்கும் ஸலாம். இந்தானின் கண் நல்லபடியாகும். கவலைப்படாதே.

நீ ஹோட்டல் என்று எழுதியதால் சனிக்கிழமை அரை நாள் ஒதுக்கி நேரிலேயே போய்ப் பார்த்தேன். கேலாங் வேண்டாம். ஷாரில் மனதில் வைத்திருப்பது சந்தைப் பக்கம். மலிவு ஹோட்டல்கள் இருப்பது சந்துகளில். வாசலில் மணிக்கணக்குக்கு விலைப்பலகை தொங்குகிறது. ஒன்றில் நுழைந்து அறை கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, தனியாவா வந்தீங்க? கூட வந்தவரு எங்க?" என்றார். அடுத்த சந்துக்குள் போகாமலே பஸ் ஏறிவிட்டேன்.

பென்கூலன் தெருவில் ஓர் அறை சுத்தம்தான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கீழே இருக்கும் உணவுக்கடையின் புகை நேராக உள்ளே வருகிறது. மூடியே வைத்துக்கொள்ளலாம் என்றால், மூடினாலும் வருகிறது. பெண்கள் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. காவல் உண்டு, வாடகையும் கட்டுப்படியாகும். பிள்ளைகளைச் சேர்ப்பதில்லையாம். "கண் ஆபரேஷன் செஞ்ச பிள்ளை, சத்தமே போடாது" என்று சொல்லிப் பார்த்தேன். மேலாளர் அம்மாள் விதியைப் படித்துக் காட்டினார்.

இன்னும் தேடுகிறேன்.

அன்புடன்,
வுலான்


தஞ்சோங் பினாங்
25 மார்ச் 1997

அன்புள்ள வுலான் அக்காவுக்கு,

எங்களுக்காக இவ்வளவு அலைந்திருக்கிறீர்கள். கேலாங் விஷயத்தை ஷாரிலிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் பகல்ல சாப்பிடத்தான் போயிருக்கேன்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தான் உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "வுலான் பெரியம்மா வீட்டுல பூனை இருக்கா?" என்கிறாள். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று ஏனோ நாம் படித்த ஜோக்ஜா ஊர் ஞாபகம் வந்தது. கல்லூரிக்கு வந்த முதல் வாரம், நாம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா "டீ குடிக்கிறியா?" என்றதும் "சரி" என்று உட்கார்ந்துவிட்டேனே. அந்த அம்மா முகம் போன போக்கும், மாடியில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நாங்கள் தீவுக்காரர்கள், கேட்டால் குடித்துவிடுவோம். ஜாவாக்காரி நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்: "மொத தடவை வேண்டாம்னு சொல்லு. ரெண்டாவது தடவையும் வேண்டாம்னு சொல்லு. மூணாவது தடவை கேட்டா உக்காரு. மூணு தடவை கேக்கலைன்னா அந்த வீட்டுல டீயே இல்லைன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு நான் எங்கேயும் முதல் தடவையில் சரி என்று சொன்னதில்லை.

அப்புறம் உங்கள் அப்பா பணம் அனுப்புவதை நிறுத்தி, நீங்கள் என் அறைக்கு மாறி வந்த அந்த ஏழு மாதம். ஒரே பாய். உங்கள் முழங்கை என் விலாவில். அந்த அறையைவிடச் சின்ன அறையில் நான் பிறகு படுத்ததே இல்லை. நன்றாகத்தான் தூங்கினோம்.

நானும் இந்தானும் அதிகம் கேட்கிறவர்கள் இல்லை அக்கா. ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். தூசி இல்லாமல், கதவு பூட்டுகிற மாதிரி.

உங்கள்
நூர்மலா


சிங்கப்பூர்
5 ஏப்ரல் 1997

அன்புள்ள நூர்மலா,

டீக் கதையைப் படித்துச் சிரித்தேன்.

இடம் கிடைத்துவிட்டது. பாலஸ்டியர் சாலை, மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். வரவேற்பில் ராத்திரியிலும் ஆள் இருக்கிறார். கதவுக்குச் சங்கிலி உண்டு. உள்ளே மாட்டிக் கதவை நானே இழுத்துப் பார்த்தேன், பிடிக்கிறது. தரைவிரிப்பு கொஞ்சம் பழையது. அதைத்தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு இரவு முன்பணம் கட்டிவிட்டேன். ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தரவேண்டாம், இந்தானுக்கு என் அன்பளிப்பு.

கட்டிலின் மேல்விரிப்பை முதலில் உருவி மூலையில் போட்டுவிடு. அதை இவர்கள் துவைப்பதில்லை.

வீட்டில் பூனை இல்லை. மாமியாருக்கு ஆகாது.

அன்புடன்,
வுலான்


தஞ்சோங் பினாங்
3 மே 1997

வுலான் அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். இந்தான் இப்போது வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு காலண்டரில் சிவப்பு எண்களைப் படிக்கிறாள். தடித்த கண்ணாடி. கழற்ற மாட்டேன் என்கிறாள், தூங்கும்போதுகூட.

நீங்கள் வருவதற்கு முன் அந்த அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். போன அன்று, நம் ஊர்ப்பக்கம் பக்கன்பாரு ஹோட்டல்களில் கல்யாணச் சான்று கேட்பதுபோல் கேட்பார்களென்று நிக்காஹ் புத்தகத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். வரவேற்பில் இருந்த பையன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குக்கா?" என்றான். பிறகு என்னையும் இந்தானையும் பார்த்து, "எத்தனை மணி நேரம்?" என்று கேட்டான். பழக்கதோஷம் போல. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். பத்து ராத்திரி என்றேன்.

வெள்ளிக்கிழமை கீழ்மாடியில் குடித்தவர்கள் சத்தம். யாரோ எங்கள் கதவின் கைப்பிடியைத் திருகினார்கள். போய்விட்டு மறுபடி வந்து திருகினார்கள். அறை மாறி வந்தவர்களாக இருக்கலாம். நீங்கள் இழுத்துப் பார்த்த சங்கிலிதான் பிடித்தது. மேசையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். சொட்டு மருந்து நேரம் மட்டும் எழுந்து போனேன்.

சனிக்கிழமை கண் சிவந்துவிட்டது. டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றார். சொன்னேன். தரைவிரிப்பா என்றார். ஆமாம் என்றேன். "சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க யாரும் இந்த ஊர்ல இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன் அக்கா. மருந்தை மாற்றிக் கொடுத்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கண்ணே சிக்கலாகியிருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சோறும் கோழியும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். இந்தானின் கண்ணைப் பார்த்தீர்கள், ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தீர்கள். பிறகு துணி வாங்கி வந்து, முழங்காலிட்டு, அறை முழுவதையும் ஒரு மணி நேரம் துடைத்தீர்கள். தரைவிரிப்பைச் சுருட்டி நடைபாதையில் வைத்தீர்கள். நடுவில் இந்தான், "பெரியம்மா, உங்க வீடு ரொம்ப தூரமா?" என்று கேட்டாள். நீங்கள் துணியைப் பிழிந்துகொண்டே, "பஸ்ல இருவது நிமிஷம்" என்றீர்கள்.

பிறகு கட்டிலுக்கு அடியில் துடைக்கப் போய்விட்டீர்கள்.

அக்கா, நான் முதல் தடவை வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவைக்காக மார்ச் முழுவதும் காத்திருந்தேன். சொல்லிக் கொடுத்தவரே மறந்துவிட்டீர்களா? இல்லை, அந்த வீட்டில் டீ இல்லையா?

நூர்மலா


சிங்கப்பூர்
14 மே 1997

நூர்மலா,

மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மாமியார், ஒன்றில் நானும் ரித்வானும். கூடத்தில் அவர் தம்பி படுக்கிறான். இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைச் சுவரில் சொருகும் முன் நான் இன்னும் மாமியாரைக் கேட்டுவிட்டுத்தான் சொருகுகிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம். போன வருஷம் என் தம்பி இரண்டு நாள் வந்துபோனான். அவன் படுத்த மெத்தையைப் பிறகு மாமியார் வெயிலில் போட்டு அடித்தார். "உங்க ஊர்ல ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா பின்னாலயே பத்துப் பேரு வருவாங்க" என்றார். ரித்வான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தானின் கண்ணைப் பற்றி நீ எழுதியதும் கை தானாக எழுதிவிட்டது, நேராக நம் வீட்டுக்கு வந்துவிடு என்று. யாரையும் கேட்கவில்லை. தபாலில் போட்ட பிறகுதான் பயம் வந்தது. உன் பதில் வரும்வரை தினமும் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்ததை லிஃப்டிலேயே நின்று படித்தேன். எங்கள் மாடி வந்து கதவு திறந்து மூடி, மறுபடி கீழே போய்விட்டேன். அவ்வளவு நிம்மதி.

முதல் வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது தடவையும் கேட்க வேண்டியிருக்கும். மூன்றாவது தடவை நீ வந்திருப்பாய்.

அதற்குப் பதிலாக ஹோட்டல் தேடினேன். பதினொரு ஹோட்டல். உனக்கு நான்குதான் எழுதினேன். தரைவிரிப்பை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை.

கண் எப்படியிருக்கிறது என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

வுலான்


தஞ்சோங் பினாங்
18 ஆகஸ்ட் 1997

அன்புள்ள வுலான் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் போட மூன்று மாதமாகிவிட்டது. காரணம் சொல்லப் போவதில்லை. கோபம்தான், அப்புறம் அது குறைந்தது. குறைந்த பிறகும் கொஞ்ச நாள் எழுதாமல் இருந்தேன்.

கண் நன்றாக இருக்கிறது. பள்ளியில் முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளை யார் பென்சிலை எடுத்தது என்பதுவரை வந்து சொல்கிறாள். அந்த அளவுக்குத் தெரிகிறது.

செப்டம்பர் 22, திங்கட்கிழமை மறுபரிசோதனை. ஞாயிறு மதியப் படகில் வருகிறோம், இரண்டு இரவு. இந்த முறை அறையை நானே பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் முகவரி கொடுத்தார். தரைவிரிப்பு இல்லாத அறை வேண்டும், எவ்வளவு கேட்பீர்கள், கதவுக்குச் சங்கிலி உண்டா என்று கடிதம் போட்டேன். ஓடு பதித்த தரை, சங்கிலி உண்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதில்லை என்று பதில் வந்தது. கடைசிக் கேள்வியை நான் கேட்கவேயில்லை, அவர்களாகவே எழுதியிருந்தார்கள். வாடகையும் பாலஸ்டியரைவிடச் சற்றுக் குறைவுதான்.

இரண்டு கட்டில். ஒன்றில் நானும் இந்தானும் படுத்துக்கொள்வோம். மற்றது காலி.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்களோடு வந்து தங்குங்கள். அங்கே யாரையும் கேட்டுவிட்டு எதையும் சொருக வேண்டியதில்லை. டீத்தூள் நான் கொண்டுவருகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
நூர்மலா


சிங்கப்பூர்
27 ஆகஸ்ட் 1997

அன்புள்ள நூர்மலா,

வ அலைக்கும் ஸலாம். முதல் வரிசைப் பிள்ளைக்கு என் முத்தம்.

வேண்டாம் நூர்மலா, உனக்கு எதற்குச் சிரமம். பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

இங்கிருந்து அங்கே தபாலுக்கு ஆறு நாள் ஆகிறது. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். இது கிடைத்த அன்றே நீ பதில் போட்டு, அதற்கு நானும் அன்றே பதில் போட்டால், உன் மூன்றாவது கடிதம் இருபதாம் தேதி சனிக்கிழமை என் கைக்கு வந்துவிடும். நடுவில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

தாமதிக்காதே.

உன் அக்கா,
வுலான்