சூனிய வெளியேற்ற விமான நிலையம்

21 ஜனவரி 2025, செவ்வாய்

குருநகர் பஸ் இன்றும் பிந்தியது. வரவுப் புத்தகத்தில் என் பெயருக்குச் சிவப்புக் கோடு.

மேசையில் முகாமையாளரின் குறிப்பு. ஜூனில் திருகோணமலையிலிருந்து மின்கலத்தில் ஓடும் சின்ன விமானம் ஒன்று எங்கள் விமான நிலையத்துக்குச் சோதனையாக வரப்போகிறது. ஐந்து இருக்கை. சொட்டுப் புகை விடாது. இங்கே மின்னேற்றிக்கொண்டு திரும்பிப் போகும். வாசலில் மும்மொழிப் பலகை வேண்டும். தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்.

ஆங்கிலப் பலகையில் ‘ஸீரோ எமிஷன்’. ‘பூச்சிய உமிழ்வு’ என்று எழுதி, வாசல் காவலாளி பிலிப்பு அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இனி இங்கை துப்பக்கூடாதோ, தங்கச்சி?” வாய் நிறைய வெற்றிலையோடு கேட்டார்.

22 ஜனவரி

‘புகையில்லா விமானத்துக்குத் தயாராகும் நிலையம்.’ கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். எனக்கே பிடித்திருக்கிறது.

11 பெப்ரவரி, செவ்வாய்

தனுசியா எங்கள் மின் பொறியியலாளர். இணுவில் பிள்ளை, இருபத்தெட்டு வயது. பத்து மணிக்கு அழாக்குறையாக வந்து நின்றாள்.

“மூண்டாம் தரமும் படலையைச் சாத்திப்போட்டார், லவீனா அக்கா.”

விமானத்துக்கு மின்னேற்றப் பெருமளவு மின்சாரம் வேண்டும். அதற்கான கேபிள் பெரிய வீதியிலிருந்து நமசிவாயம் ஐயாவின் வாழைத்தோட்ட ஓரத்தால்தான் வர வேண்டும். மார்ச் முடியுமுன் அவர் கையெழுத்து வைக்காவிட்டால் விமானம் வேறு ஊருக்குப் போய்விடுமாம். தனுசியா இரண்டு வருடம் மினக்கெட்ட வேலை.

‘நீர் வடிவாய்க் கதைப்பீர்’ என்று முகாமையாளர் என்னை அனுப்பினார். போனேன். படலைக்கு மேலால் தலை மட்டும் தெரிந்தது.

“உங்கடை பிளேனுக்குக் கறண்ட் வேணுமெண்டால், மேலை மின்னல் கிடக்கு. பிடியுங்கோ!”

வடிவாய்க் கதைத்தது அவர்தான்.

27 பெப்ரவரி, வியாழன்

பலகை வந்தது. நான் பார்க்கு முன்னரே வாசலில் மாட்டியும்விட்டார்கள்.

‘சூனிய வெளியேற்ற விமான நிலையம்.’

கடவுளே. என் வசனத்தை யாரோ அகராதி வைத்துத் ‘திருத்தி’யிருக்கிறார். ஸீரோ என்றால் சூனியம். புகை விடுவது வெளியேற்றம். அகராதிப்படி ஒரு பிழையும் இல்லை. அதுதான் கொடுமை.

“விடும் லவீனா, உதை ஆர் வாசிக்கப் போகினம்?” என்றார் முகாமையாளர்.

28 பெப்ரவரி

வாசித்துவிட்டார்கள். யாரோ படம் எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார். கனடாவிலிருந்து என் மச்சாள் ஏழு குரல்பதிவு. ஏழிலும் சிரிப்பு மட்டும்.

3 மார்ச், திங்கள்

இன்று சூனியம் எடுக்க மூன்று பேர் வந்தார்கள் — உண்மையாகவே. ஓர் அம்மா, மகனுக்கு ஐந்து தரம் விசா மறுத்தது சூனியத்தால்தான் என்றார். பிலிப்பு அண்ணை யோசித்துவிட்டு, “விசாச் சூனியம் கட்டுநாயக்கா ஏர்போட்டிலைதான் எடுக்கிறவை, அம்மா” என்று அனுப்பிவைத்தார். நான் கோபித்தேன். “நம்பிப் போறா, பாவம்” என்றேன். “பிறகென்ன, பலகையை எழுதினது நானோ?” என்றார்.

5 மார்ச், விபூதிப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் சிலுவை பூசிக்கொண்டு அப்படியே வேலைக்கு வந்தேன். வாசலில் நமசிவாயம் ஐயா! சைக்கிள் கரியரில் கறுத்துப்போன தண்ணீர் மோட்டர். கையில் சூனியம் எடுக்க வெட்டுகிற தேசிக்காய் மூன்று. பிலிப்பு அண்ணை தேசிக்காயைப் பொதி சோதிக்கும் இயந்திரத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா என் நெற்றியைப் பார்த்தார். “நீர்தானோ எடுக்கிற ஆள்? சிலுவையெண்டாலும் பறவாயில்லை, பிள்ளை. எடுத்தால் சரி.”

நாலு வருடத்தில் மூன்று மோட்டர் எரிந்துவிட்டதாம். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி நடராசா. எல்லைத் தகராறு. அவன்தான் சூனியம் செய்வித்தவனாம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

முகாமையாளர் என்னை உள்ளே கூப்பிட்டு மெல்லச் சொன்னார். “ஒரு தேசிக்காயை வெட்டும். கையெழுத்தை வாங்கும்.”

வெட்டியிருக்கலாம். கத்தி தேநீர் மேசையில்தான் கிடந்தது. ஒரு தேசிக்காய், தனுசியாவின் இரண்டு வருடம் — கணக்குச் சரியாகத்தான் தெரிந்தது. கத்தியைத் தொட்டும் பார்த்தேன். ஆனால் அந்த மனிசன் வாசலில் நம்பிக் குந்தியிருந்தார். சாம்பல் பூசி ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பொய்யோ?

போய்ச் சொன்னேன். “ஐயா, உது பிழையான பலகை. இங்கை சூனியம் எடுக்கிறேல்லை. புகையில்லாத பிளேன் வருகுது, அவ்வளவுதான்.”

“அப்ப படிச்சவை எழுதினது பிழையோ?”

“ஓம் ஐயா.”

கோபத்தில் அவர் மோட்டரைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். அதற்குள் தனுசியா குனிந்து அதை முகர்ந்து பார்த்தாள்.

“ஐயா, பின்னேரத்திலை ஓடேக்கையோ எரியிறது? வீட்டிலை லைற் மங்குமோ?”

கயிறு அவர் கையிலேயே நின்றது. “உமக்கு ஆர் சொன்னது?”

6 மார்ச், வியாழன்

மாலை ஆறரைக்குத் தனுசியாவும் நானும் வோல்ற் மீற்றரோடு ஐயா வீட்டுக்குப் போனோம். 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் 158. லைனின் கடைசிக் கம்பம், எல்லா வீட்டிலும் லைற்றும் மோட்டரும் ஓடும் நேரம். தண்ணீரை இழுக்கப் பலமில்லாமல் மோட்டர் தன்னையே எரித்துக்கொள்கிறது என்றாள் தனுசியா.

ஐயா நம்பவில்லை. “அப்ப உவன்ரை மோட்டர் ஏன் எரியேல்லை?”

தனுசியா வேலியைச் சுற்றிப்போய்த் தம்பியாரிடமே கேட்டாள். இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு வடிவாகக் கேட்டது.

“நாலு மோட்டர் எரிஞ்சது, பிள்ளை. எல்லாம் அண்ணை செய்விச்சதுதான்.”

நமசிவாயம் ஐயா கிடுகு வேலிக்குக் கிட்டப் போனார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“நாலோ?”

அந்தப் பக்கம் காலடி கிட்ட வந்தது. பிறகு:

“ஓம், அண்ணை.”

“எனக்கு மூண்டு.”

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா? தெரியவில்லை. தனுசியா அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

11 மார்ச், செவ்வாய்

விமானத்துக்காகப் போடும் புது றான்ஸ்போமரில் அந்த இரண்டு வீட்டையும் சேர்க்கச் சொல்லித் தனுசியா மின்சார சபைக்குக் கடிதம் போட்டாள். “சேர்ப்பினமோ தெரியாது, ஐயா” என்று நமசிவாயம் ஐயாவிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் நடராசா வந்தார். தன் காணியால் போனால் கேபிள் இன்னும் கிட்டவாம். இனி அந்தச் சண்டை.

17 மார்ச்

பலகையை மாற்றக் கேட்டதற்குக் கொழும்பிலிருந்து பதில்: பலகையில் பிழை உண்டென்பதை எழுத்தில் நிரூபிக்கவும்.

பிலிப்பு அண்ணை ஏணி வைத்துப் பலகையை உரச் சாக்கால் மூடிவிட்டார்.

19 ஜூன், வியாழன்

வந்தது. வெள்ளை, சின்னது. மதிலெல்லாம் சனம். “என்ன, சத்தமே இல்லை?” என்று பெருத்த ஏமாற்றம். மின்னேற ஒன்றரை மணித்தியாலம். பாதிச் சனம் வீட்டுக்குப் போய்விட்டது. தனுசியா மட்டும் இமை வெட்டாமல் நின்றாள். அது எழும்பிப் போன பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

வீடு போகும் வழியில் இரண்டு ஐயாமாருக்கும் நன்றி சொல்ல இறங்கினேன். றான்ஸ்போமரில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் கேபிள் யார் காணியால் போயிருக்க வேண்டுமென்று இன்னும் வாக்குவாதம். நமசிவாயம் ஐயா ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் தந்தார். தம்பியிடமும் போக வேண்டும் என்றேன்.

“றோட்டாலை சுத்தாதையும், பிள்ளை” என்றார்.

வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு வழிப்பொட்டு வெட்டியிருந்தது. அந்த இடத்து மண் ஏற்கெனவே நடந்து நடந்து இறுகிப்போயிருந்தது.