துருத்திக்குப் பதில் நாற்பது வெண்குருகு வந்த செய்தி

ஏழ்குன்ற நாடு வாழ்க. அதன் அருவிகள் கோடையிலும் ஓசை குன்றாதிருப்பனவாகுக. மலைக்குடிகளைத் தனித்தனியே பெயர்சொல்லி அழைக்கவல்ல பேரரசி நறுங்கோதையார் திருமுன்பு, ஆம்பல் நாட்டு முதலமைச்சன் ஆதன் கீரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை இது. எம் மன்னர் நலம், நாடும் நலம். நலமானது எவ்வாறு என்பதைத் தாங்கள் அறியவேண்டும் என்பதே மன்னர் விருப்பம்.

சென்ற திங்கள் எம்மிடமிருந்து தங்களுக்கு வந்த ஓலையில், “குருகு நான்கு விரைந்து அனுப்புக” என்று எழுதியிருந்தது. அதை எழுதச் சொன்னவள் எம் உலைக்களத் தலைவி கொற்றி. பெருமடை ஏரியின் மதகுக் கதவு பிளந்திருந்தது. அதற்கு இரும்புப் பட்டை அடித்தாக வேண்டும். பட்டறையில் பற்றிய தீயில் அவளுடைய துருத்திகள் யாவும் எரிந்துபோயின. காற்று ஊதத் துருத்தியில்லாமல் உலை மூளாது. உலை மூளாமல் இரும்பு இளகாது. மழைக்கு முன் கதவு நிற்காவிடில் ஏரிக்குக் கீழுள்ள ஏழு ஊர்களும் நீருக்குள் போகும். அவற்றுள் கடைசி ஊரில் கொற்றியின் தங்கை கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

கொற்றி சொன்னது துருத்தி என்றே. ஓலை எழுதும் நன்னாகனோ, அரசிக்குப் போகும் ஓலையில் பட்டறைச் சொல் எதற்கு என்று எண்ணி, கற்றோர் வழக்கில் துருத்திக்குள்ள பழம்பெயரான குருகு என்பதை எழுதிவிட்டான். குருகு என்பது கொக்கு நாரை முதலிய நீர்ப்பறவைக்கும் பெயர் என்பதும், மகளிர் கைவளைக்கும் பெயர் என்பதும் அவன் நினைவுக்கு வரவில்லை.

தங்கள் அவையில் சிலர் பறவை என்றும் சிலர் வளை என்றும் வாதிட்டதாகவும், நட்பு நாடு கேட்டதில் குறை வைக்கலாகாதென்று தாங்கள் இரண்டையுமே, அதுவும் கேட்டதினும் மிகுதியாக அனுப்பியருளியதாகவும் பின்னர் அறிந்தோம்.

எட்டுப் பரிசல்கள் ஆற்றில் வருவது கண்டு கொற்றி கரைக்கு ஓடினாள். தங்கள் பறவைக் காவலன் நெடுவேட்டன் முதற்கூட்டைத் திறந்தான். வெள்ளை வெள்ளையாய் ஐந்து கழுத்துகள் நீண்டன. அங்கே அவர்கள் பேசியதை, பேசியபடியே எழுதுமாறு மன்னர் பணித்துள்ளார்.

“நாலு கேட்டீங்க, எங்க அரசி நாப்பது கொடுத்துவிட்டாங்க. எல்லாம் கையில வளர்ந்ததுங்க” என்றான் நெடுவேட்டன், முகமெல்லாம் மலர்ச்சியாக.

கொற்றி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நாகா, நான் என்ன சொன்னேன், நீ என்னத்த எழுதித் தொலைச்ச? இதுங்க மூச்சுவிட்டா என் உலை எரியுமா?”

மழைக்குப் பத்தே நாள் இருந்தது. மலைக்கு மீண்டும் ஆளனுப்பினால் போய்வரப் பதினைந்து நாள் ஆகும். புதுத் தோல் பதப்படுத்தவோ நாற்பது நாள் வேண்டும். தங்கையின் முகம் கண்முன் வர, அவளுக்கு அழுகை வந்தது. அந்நேரம் கூட்டிலிருந்து நழுவிய குருகு ஒன்று, தலைகுனிந்து நின்ற நன்னாகனின் கொண்டையில் செருகியிருந்த எழுத்தாணியை மீனென்று கொத்தி இழுத்துக்கொண்டு நடந்தது. அவன் அலறிக்கொண்டு பின்னே ஓடினான். அழ வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சாய்ந்தவளின் கை பரிசலின் மேல் பட்டது. பட்ட கையை அவள் எடுக்கவில்லை.

“இது என்ன தோலுங்க?”

“எருமைத்தோல். புங்கெண்ணெய் ஊட்டினது. சொட்டுத் தண்ணி உள்ள வராது.”

“தண்ணி உள்ள வராதுன்னா, காத்தும் வெளிய போகாதுல்ல?”

நெடுவேட்டனுக்குப் புரிந்தது. பரிசல்கள் தங்களுடையவை, அறுத்தால் அவன் மலைக்கு நடந்தே திரும்பவேண்டும், தங்களுக்கு என்ன மறுமொழி சொல்வதென்றும் தெரியாது. ஆயினும் இடுப்புக் கத்தியைத் தானே உருவினான்.

“எங்க அரசிகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஊரு முழுகின பின்னாடி பரிசல வச்சு என்ன பண்ண?”

எட்டுப் பரிசலின் தோலும் நான்கு துருத்திகளாயின. பறவைக் கூடுகளின் மூங்கில்கள் அவற்றுக்கு விலாவாயின. ஆனால் முதல்முறை ஊதியபோது, தோலும் சுடுமண் குழலும் சேரும் கழுத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்தது. எத்தனை கயிறு கட்டியும் நிற்கவில்லை. நெடுவேட்டன் மடியிலிருந்து, தாங்கள் அனுப்பிய வெண்கல வளைகளை எடுத்து நீட்டினான். கொற்றி ஒன்றைத் துருத்தியின் கழுத்தில் மாட்டி இறுக்கினாள். ஊதினார்கள். உலை செக்கச் செவேலென்று மூண்டது.

ஐந்து நாள் பட்டறை ஓயவில்லை. துருத்தி மிதிக்க ஆள் போதாமல் நெடுவேட்டனே ஏறி நின்றான். நன்னாகனும், யாரும் சொல்லாமலே, உள்ளங்கால் கொப்புளிக்கும்வரை மிதித்தான். ஒன்பதாம் நாள் கதவு மதகில் ஏறியது. பத்தாம் நாள் வானம் கொட்டியது. மூன்று பகல் ஏரி ஏறிக்கொண்டே இருக்க, கொற்றி மதகை விட்டு அகலாமல் இரும்புப் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கதவு அசையவில்லை. கீழூர் மக்கள் முழங்காலளவு சேற்றில் பறை கொட்டி ஆடினார்கள். தங்கை குழந்தையைத் தூக்கி வந்து கொற்றியின் கரிபடிந்த கைகளில் கொடுத்தாள். கூடு இழந்த நாற்பது குருகுகளும் ஏரிச்சதுப்பில் இறங்கி, எம் மீன்களைத் தம்முடையனவாகவே கருதி உண்டு வருகின்றன.

இனி வேண்டுகோள். இதை எழுதும்போது கொற்றி அருகிலிருந்து, எச்சொல்லும் மாறலாகாதென்று சொன்னது வருமாறு: “சுத்தி வளைச்சு எழுதாதீங்க. நெடுவேட்டன நான் கட்டிக்கப் போறேன். அவருக்கும் இஷ்டம். அவங்க அம்மாவுக்குத்தான் இன்னும் தெரியாது. அரசிதான் பக்குவமாச் சொல்லணும்.” நெடுவேட்டனை விசாரித்தோம். நிலம் பார்த்துத் தலையசைத்தான், காது சிவந்திருந்தது.

ஆதலின் தாங்கள் அவனைத் தங்கள் ஊழியத்திலிருந்து விடுவித்து இம்மணத்துக்கு இசைவளிக்க வேண்டுகிறோம். இசைவாயின் மறுவோலை வேண்டா. மாப்பிள்ளையின் தாயாரை மட்டும் அனுப்பியருள்க. இவ்வோலையைக் கொணர்வோன் நன்னாகன். தாயாருக்கென எம் பல்லக்கும் உடன் வருகிறது. திரும்பும்போது அதன் முன்கொம்பை அவனே சுமக்கவேண்டும் என்பது மன்னர் ஆணை. இவ்வாணையை எழுதியவனும் அவனே. எழுதுகையில் சிரித்துக்கொண்டுதான் எழுதினான்.

ஆம்பற்பூ முத்திரை அரக்கில் பதிந்தது. கார்காலத்து வளர்பிறை ஐந்தாம் நாள், மழை விட்ட முற்பகலில், ஏரிக்கரையிலிருந்து விடுக்கப்பட்டது.