நான்காம் தாங்கி

நவம்பர் 3, 2091. காலை 8.10
நிலவின் தென்முனை, யுரேனியக் கிடங்கு. எழுதுவது பெனடிக்டா, பாதுகாப்பு மதிப்பீட்டாளர். இங்கே நான் ஒருத்திதான். யுரேனியம் அடைத்த நாற்பது உருளைகளும் தாங்கிகளில் உள்ளன. உருளைகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும்வரை பயமில்லை. நிலம் நடுங்கித் தாங்கி சாய்ந்தால் இடைவெளி குறையும், தொடர்வினை பற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பிறகும் அளக்க வேண்டும். இன்று நடுக்கம் இல்லை.

நவம்பர் 4. காலை 9.30
கிடங்கு எவ்வளவு பத்திரம் என்று உலகத்துக்குக் காட்ட, நாளை இயக்குநர் கோதண்டபாணி படம் எடுத்துக்கொள்ள வருகிறாராம். வரட்டும்.

இதைக் கண்டெடுப்பவருக்குச் சொல்லி வைக்கிறேன். போன வருடம் ஆயுத பூஜையன்று அளவுக் கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து அடுக்கியிருந்தோம். விடிகாலையில் நடுக்கம். பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாதென்று இந்தக் கோதண்டபாணி முந்தைய நாள் அளவையே ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நம்பி உள்ளே போனவர் என் கணவர் சூசை. கதிர்வீச்சு பட்டு ஒன்பது நாள் தோல் உரிந்து கிடந்து செத்தார். உருளையை நகர்த்தியது சூசைதான் என்று அறிக்கை வந்தது. நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மகள் அப்பா பெயரைச் சொல்லக் கூசுகிறாள்.

நவம்பர் 5. காலை 7.05
நடுக்கம். அளந்தேன். நான்காம் தாங்கி சாய்ந்துவிட்டது. இடைவெளி நான்கு விரல். இப்போது ஆள் பக்கத்தில் நின்றாலே ஆபத்து. உடம்பில் இருக்கும் தண்ணீர் நியூட்ரான்களை உருளைக்கே திருப்பி அனுப்பும். ஆள் விலகினால் நியூட்ரான் எண்ணிக்கை இறங்கிவிடும். இயக்குநருக்கு முறைப்படி தெரிவித்தேன். பதில்:

"சும்மா பீதிய கெளப்பாதம்மா. நேத்து அளவையே போட்டுடு. ரெண்டு நிமிஷம் நின்னு படம் எடுத்துட்டு வந்துடறேன்."

போட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

11.20
நான் ஒரு சுவர் தள்ளிக் கட்டுப்பாட்டு அறையில்; பற்றிக்கொண்டால் எனக்கும் தப்ப வழியில்லை. அவர் நான்காம் தாங்கியை ஒட்டி நிற்கிறார். எண்ணிக்கை ஏறுகிறது. மணி அடிக்கிறது.

"என்னம்மா சத்தம் இது?"

"அசையாதீங்க சார். ஒரு அடி எடுத்து வச்சாலும் பத்திக்கும். எந்தப் பக்கம் நகரணும்னு நான் சொல்றேன். மொதல்ல ஆயுத பூஜை அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

11.22
"நாந்தான் எழுதினேன். அளக்கவே இல்ல. சூசை எதையும் தொடல. போதுமாம்மா? எந்தப் பக்கம்?"

அவர் பேசியதன் பதிவு பூமிக்குப் போய்விட்டது. என்னங்க, உங்கள் பெயரைக் கழுவிவிட்டேன்.

11.24
கதவு அவருக்குப் பின்னால் ஆறடியில். திறந்தே இருக்கிறது. நடந்து வெளியே வந்தால் பிழைத்துக்கொள்வார்.

"அம்மா, இருக்கியா?"

ஒலிவாங்கியை அணைத்துவிட்டேன்.

11.26
எண்ணிக்கை ஏறிக்கொண்டே
இன்னும் அசையாமல் நிற்கிறார். என் பேச்சை அவ்வளவு நம்பு